அயோவா காக்கஸ்: ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் யார் பெயரை எழுதுவது?

(2024 ஜனவரியில், காக்கஸுக்குச் சில நாள் முன்னால் எழுதியது.) வருகிற திங்கட்கிழமை, ஜனவரி 15, இரவு 7 மணி. அமெரிக்காவின் அயோவா மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களிலும் சர்ச் ஹால்களிலும் குடியரசுக் கட்சிக்காரர்கள் கூடுவார்கள். 2024 அதிபர் தேர்தலில் தங்கள் கட்சி சார்பில் யார் நிற்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் பெயர் எழுதிப் போடுவார்கள். இந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் காக்கஸ். மாநிலத் தலைநகர் டெமாயின் பக்கத்தில் குடியிருக்கும் நானும் போகிறேன். 2004இல் எச்-1பி வேலை விசாவில் வந்தவன். 2019இல்தான் குடியுரிமை கிடைத்தது. 2020இல் டிரம்ப் பதவியில் இருந்ததால் எங்கள் கட்சியின் காக்கஸ் வெறும் சம்பிரதாயமாக முடிந்தது. ஆகவே, உண்மையான தேர்வு என்று ஒன்று என் கைக்கு வருவது இதுதான் முதல் முறை.

கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து எங்கள் ஜெபக்குழுவில் இதே பேச்சு. டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிற நண்பர்களும் கேட்கிறார்கள்: "அண்ணே, மார்ச்ல எங்களுக்கும் ஓட்டு வருது. யாருக்குப் போடறது?" ஒருவர் டிரம்ப் என்கிறார். அவர் மனைவி டிரம்ப் பெயரை எழுதக் கை வராது என்கிறார். இன்னொரு தம்பிக்கு விவேக் ராமசாமி தமிழ் பேசுகிறார் என்பதில் ஒரு சந்தோஷம். ஆனால் அவர் இந்து ஆயிற்றே என்று தயக்கம். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் கருக்கலைப்பை எதிர்ப்பவன், பழமைவாதி, வேதத்தை நம்புகிறவன். அந்த இடத்திலிருந்துதான் எடை போடுகிறேன்.

## முதலில் அளவுகோல்

ஆளைப் பார்த்துவிட்டு அளவுகோலைத் தேடினால், நமக்குப் பிடித்தவருக்கு ஏற்றபடி அது வளைந்துவிடும். அதனால் இதை நவம்பர் மாதமே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

ஒன்று, கருவில் இருக்கும் உயிர். கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய ரோ தீர்ப்பு 2022 ஜூன் 24 அன்று விழுந்த பிறகு கேள்வி மாறிவிட்டது. "நீதிபதிகளை நியமிப்பாரா" என்பது பழைய கேள்வி. சட்டமன்றத்தில் தோற்றாலும், கருத்துக்கணிப்பு எதிராகப் போனாலும் நிலையில் நிற்பாரா என்பது புதியது.

இரண்டு, சொல்லும் நடத்தையும். மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ சொன்ன யோசனை ஞாபகம் இருக்கும்: தேவபயமும் உண்மையும் உள்ளவர்களை, பணத்தாசை இல்லாத திறமைசாலிகளைத் தலைவர்களாக வை என்றார். திறமை மட்டும் போதும் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

மூன்று, சபையின் சுதந்திரம், பிள்ளைகளின் படிப்பில் பெற்றோருக்குள்ள உரிமை.

நான்கு, அந்நியனை நடத்தும் விதம். நாமெல்லாம் அந்நியராக வந்தவர்கள்தான். இதை விட்டுவிட்டு ஓட்டுப் போட எனக்கு மனம் வராது.

ஐந்தாவதாக, ஜனநாயகக் கட்சி அதிபர் பைடனை வெல்ல முடியுமா என்பது. இதை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். நவம்பரில் நமக்கு இரண்டே பேர்தான் இருப்பார்கள், அப்போது கணக்குப் போடாமல் முடியாது. மனசாட்சிப்படி பெயர் எழுத இடம் இருப்பது காக்கஸிலும், மற்ற மாநிலங்களில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் பிரைமரி ஓட்டெடுப்பிலும்தான். அந்த ஒரே இடத்திலும் "யார் ஜெயிப்பார்" என்ற கணக்கை முதலில் போட்டால், பிறகு எங்கேதான் மனசாட்சிக்கு வேலை?

வேட்பாளரின் மதத்தை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. காரணத்தை ராமசாமி பகுதியில் சொல்கிறேன்.

சில விஷயங்களில் நால்வரும் எங்கே நிற்கிறார்கள் என்று சுருக்கமாக:

| வேட்பாளர் | கருக்கலைப்பு | உக்ரைன் போர் |
|---|---|---|
| டிரம்ப் | கரு எத்தனை வாரம் ஆன பிறகு தடை என்று சொல்ல மறுக்கிறார். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பேன் என்கிறார் | 24 மணி நேரத்தில் முடித்துவைப்பதாகச் சொல்கிறார் |
| டிசாண்டிஸ் | ஃப்ளோரிடாவில் 6 வார வரம்புச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் | ஐரோப்பா கூடுதல் சுமை ஏற்க வேண்டும் |
| ஹேலி | செனட்டில் 60 ஓட்டு இல்லாமல் தேசியச் சட்டம் நடக்காது; ஒத்த கருத்தைத் தேட வேண்டும் | உதவி தொடர வேண்டும் |
| ராமசாமி | மாநிலங்களே முடிவு செய்ய வேண்டும். தேசியத் தடை வேண்டாம் | உதவியை நிறுத்தி, இப்போதுள்ள போர்முனையையே எல்லையாக ஏற்க வேண்டும் |

## டொனால்ட் டிரம்ப்

முதலில் கடனை ஒப்புக்கொள்கிறேன். கோர்சச், கவனா, பேரட் என்று மூன்று நீதிபதிகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியவர் இவர். அந்த மூவரும் இல்லாமல் 1973இன் ரோ தீர்ப்பு விழுந்திருக்காது. பதவியில் இருக்கும்போதே கருக்கலைப்பை எதிர்த்து வாஷிங்டனில் நடக்கும் உயிருக்கான பேரணிக்கு நேரில் வந்து பேசிய முதல் அதிபரும் இவர்தான். அது 2020 ஜனவரி 24. 2018இல் இஸ்ரேலிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தை எருசலேமுக்கு மாற்றினார். துருக்கியில் சிறையிலிருந்த போதகர் ஆண்ட்ரூ பிரன்சனை அதே ஆண்டு மீட்டு வந்தார். ரீகன் காலத்திலிருந்து வாக்குறுதி கேட்டே களைத்தவர்கள் எங்கள் சபையின் முதியவர்கள். "இவர் ஒருத்தர்தான் சொன்னதைச் செஞ்சார்" என்று அவர்கள் கண்கலங்கிச் சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. 2020 நவம்பரில் நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

ஆனால் இன்று அவர் எங்கே நிற்கிறார்? 2022 இடைக்காலத் தேர்தலில் கட்சி எதிர்பார்த்தபடி ஜெயிக்காததற்குக் கருக்கலைப்பு விவகாரத்தைக் காரணம் காட்டி, 2023 புத்தாண்டு அன்றே எழுதினார். செப்டம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியில், ஃப்ளோரிடாவின் 6 வாரச் சட்டத்தைப் பயங்கரமான தவறு என்றார். அயோவாவிலும் அதே மாதிரிச் சட்டம்தான். 2023 ஜூலையில் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் கையெழுத்திட்டார், இதை எழுதும் 2024 ஜனவரியில் நீதிமன்றத்தில் நிற்கிறது. அப்படியானால் எங்கள் சட்டமும் தவறா? உயிர் விஷயத்தில் நாம் கொடுத்த ஓட்டு, அவருக்குப் பேரம் பேசுவதற்கான சரக்காக மாறிக்கொண்டிருக்கிறது என்று அஞ்சுகிறேன். இந்த ஓட்டில் மறைந்திருக்கும் முதல் விலை இது. எதைச் சொன்னாலும் நம் ஓட்டு அவருக்கு நிச்சயம் என்று தெரிந்துவிட்டால், நம்மிடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

இரண்டாவது விலை, நம் சாட்சி. நான்கு வழக்குகளில் 91 குற்றச்சாட்டுகள். அவை நிரூபிக்கப்படவில்லை, சில அரசியல் வழக்குகள் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பாலியல் அத்துமீறலுக்கும் அவதூறுக்கும் அவர் பொறுப்பு என்று மே மாதம் நியூயார்க்கில் ஒரு சிவில் ஜூரி தீர்ப்பளித்திருக்கிறது. 2021 ஜனவரி 6 அன்று அவருடைய ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதிபர் கிளின்டனின் பாலியல் விவகாரம் வெடித்த 1998இல், பொதுப் பதவியில் இருப்பவருக்கு ஒழுக்கம் முக்கியம் என்று தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற பெரிய சபை அமைப்பு தீர்மானமே போட்டது. அது அன்றைக்கு வேதவாக்கியத்தின் அடிப்படையில் சொன்னது என்றால், இன்றைக்கும் அதே வேதம்தான். என் மகளுக்கு 16 வயது. போன வாரம் சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, நம்ம சபை மூப்பர் ஒருத்தர் இதெல்லாம் செஞ்சிருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?" பதில் சொல்ல நேரம் பிடித்தது.

யூதர்களைப் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து விடுவித்த கோரேசு ராஜாவைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். தேவன் ஒரு புறஜாதி ராஜாவைப் பயன்படுத்தவில்லையா என்பார்கள். பயன்படுத்தினார், உண்மை. ஆனால் கோரேசை யூதர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பாபிலோனில் அவர்கள் கையில் ஓட்டுச் சீட்டு இல்லை. திங்கட்கிழமை இரவு என் கையில் இருக்கும். எழுதும் பெயருக்கு நான்தான் பொறுப்பு.

குடியேறியவர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் புதிய எச்-1பி வருகையை நிறுத்திவைத்தவர் இவர். அதைவிட எனக்கு வலித்தது அகதிகள் விஷயம். 2016இல் ஆண்டுக்கு 85,000 என்றிருந்த வரம்பு, அவர் கடைசியாகக் கையெழுத்திட்டபோது 15,000. விசுவாசத்துக்காகத் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். போன மாதம் நியூ ஹாம்ப்ஷயரில், வந்தேறிகள் நாட்டின் இரத்தத்தில் நஞ்சு கலக்கிறார்கள் என்று பேசினார்.

இவர் யாருக்குப் பொருந்துவார்? ஏற்கெனவே செய்து காட்டியதே போதும், அடுத்த நீதிபதி நியமனமும் இவர் கையில்தான் பத்திரம் என்று உறுதியாக நம்புகிறவர்களுக்கு. அந்த நம்பிக்கை வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் இருக்கிறது.

## ரான் டிசாண்டிஸ்

ஃப்ளோரிடா ஆளுநர், கத்தோலிக்கர், கடற்படையில் வழக்கறிஞராக இருந்து ஈராக் போனவர். 2018இல் அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். 2022இல் 19 புள்ளி வித்தியாசத்தில். இதற்கிடையில் அவர் நிலையை மென்மையாக்கிக்கொண்டு ஓட்டுச் சேர்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஓட்டு எண்ணிக்கை பார்த்தால் 6 வாரச் சட்டத்தில் 2023 ஏப்ரலில் கையெழுத்திட்டிருக்கவே வேண்டாம். பணம் கொடுக்கும் பெரிய ஆட்கள் சிலர் அதனால் விலகினார்கள். ஆனாலும் போட்டார். கொரோனா ஊரடங்கில் ஃப்ளோரிடாவில் ஆராதனை அத்தியாவசியப் பணிகளில் ஒன்றாக இருந்தது. எந்தக் குடும்பமும் தனியார் பள்ளிக்கு அரசு உதவி கேட்கலாம் என்ற சட்டமும் அவர் காலத்தில் வந்தது. கிறிஸ்தவப் பள்ளிக்கு மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிற பெற்றோருக்கு அதன் அருமை தெரியும்.

இங்கே அயோவாவில் 99 கவுன்டிகளுக்கும் போய்வந்தார். ஆளுநர் ரெனால்ட்ஸ் இவருக்கு ஆதரவு. ஃபேமிலி லீடர் என்ற அயோவா கிறிஸ்தவ அமைப்பின் தலைவர் பாப் வேண்டர் பிளாட்ஸும் நவம்பரில் இவரைத்தான் ஆதரித்தார்.

சரி, இவருக்கான விலை? 2022 செப்டம்பரில் வெனிசுலா அகதிகள் 49 பேரை விமானத்தில் ஏற்றி மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் இறக்கிவிட்டது இவருடைய அரசு. எல்லையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எங்கே போகிறோம் என்று சரியாகத் தெரியாத தாய்களையும் பிள்ளைகளையும் வைத்து அரசியல் பாடம் நடத்தியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஒரு போதகரோ நண்பரோ அவரிடம் முகத்துக்கு நேரே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், மனிதர்களோடு இயல்பாகப் பேச வராது. பிரச்சாரத்துக்குள்ளேயே குழப்பம், ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்று பவுல் கேட்டதைச் சிலர் நினைவுபடுத்துகிறார்கள். பிரச்சாரக் குழு வேறு, அரசு வேறு. ஃப்ளோரிடாவைப் போல இரண்டு கோடிப் பேர் வாழும் மாநிலத்தை அவர் நடத்தியிருக்கிறார், அதனால் இந்தக் குறையைப் பெரிதாக எடுக்கவில்லை.

உயிர், பள்ளி, சபைச் சுதந்திரம் ஆகியவற்றைச் சட்டமாக்கி முடித்த ஆள் வேண்டும் என்பவர்களுக்கு இவர்.

## நிக்கி ஹேலி

பஞ்சாபி சீக்கியப் பெற்றோருக்கு தென் கரோலினாவின் பாம்பெர்க் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். வளர்ந்த பிறகு கிறிஸ்தவரானார். ஊரில் நம்மில் பலருடைய குடும்பக் கதையும் இதுதானே, மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் நடந்தது என்பது மட்டும் வித்தியாசம். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் இமானுவேல் சபையில் வேத ஆராய்ச்சிக்குக் கூடியிருந்த ஒன்பது பேரை ஒரு இனவெறியன் சுட்டுக் கொன்றான். அப்போது ஆளுநராக இருந்த ஹேலி நடந்துகொண்ட விதத்தை மறக்க முடியாது. அடுத்த மாதமே சட்டமன்ற வளாகத்திலிருந்து கூட்டமைப்புக் கொடியை, அதாவது உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியை, இறக்க வைத்தார். அதற்குத் துணிச்சலும் வேண்டும், கனிவும் வேண்டும்.

அதனால்தான் டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டபோது அடிமைமுறை என்ற சொல்லே அவர் வாயில் வராதது எனக்கு அவ்வளவு ஏமாற்றமாக இருந்தது. மறுநாள் திருத்திக்கொண்டார். எதிரே இருப்பவர்களைப் பார்த்துப் பேச்சை அளக்கிறாரோ என்ற சந்தேகம் கருக்கலைப்பு விஷயத்திலும் வருகிறது. 2016இல் 20 வார வரம்புச் சட்டத்தில் கையெழுத்திட்டவர்தான். ஆனால் பெண்ணைக் குற்றவாளியாக்கக் கூடாது, ஒத்த கருத்தைத் தேடுவோம் என்பதைத் தாண்டி இப்போது பேச்சு நகர்வதில்லை. செனட்டில் 60 ஓட்டுக் கணக்கை அவர் சொல்வது உண்மை. அந்த உண்மையைச் சொல்லும் தொனியில் விட்டுக்கொடுத்துவிட்ட சாயல் தெரிகிறது.

நவம்பரில் ஜெயிப்பதுதான் முக்கியம் என்றால் இவரை விடச் சிறந்த ஆள் இல்லை. டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கருத்துக்கணிப்பில் பைடனை விட 17 புள்ளி முன்னால் இருந்தார். டிரம்ப் 4 புள்ளிதான். ஐ.நா. தூதராக இருந்தவர், வெளிநாட்டு விவகாரம் தெரிந்தவர். புதன் இரவு ட்ரேக் பல்கலைக்கழகத்தில் டிசாண்டிஸோடு நடந்த விவாதத்திலும் அந்தப் பகுதியில் இவர் கைதான் ஓங்கியிருந்தது.

## விவேக் ராமசாமி

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், சின்சினாட்டியில் பிறப்பு, வயது 38. மருந்து நிறுவனம் தொடங்கிப் பெரும் பணம் சம்பாதித்தவர். இவரைப் பற்றி நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி கொள்கையைப் பற்றியதாக இருப்பதில்லை. "இந்துவுக்கு ஒரு கிறிஸ்தவன் ஓட்டுப் போடலாமா?"

போடலாம். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் என் தாத்தா காமராசருக்கு ஓட்டுப் போட்டார். சர்ச்சில் கோயில்பிள்ளை உத்தியோகம் பார்த்தவர், ஆராதனையை ஒரு நாள் தவறவிடாதவர். காமராசர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று அவர் கேட்டதாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தமிழ்நாட்டில் நாம் சிறுபான்மை. மதத்தைப் பார்க்காமல் எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அங்கே கேட்டுவிட்டு, பெரும்பான்மையாக இருக்கும் இங்கே வந்து வேறு படி வைத்து அளந்தால் அது கள்ளத் தராசு. இந்த நாட்டு அரசியல் சட்டமும் ஆறாம் பிரிவில், பதவிக்கு மதச் சோதனை கூடாது என்கிறது. டிசம்பரில் ஒரு தொலைக்காட்சிக் கூட்டத்தில் ஒரு அயோவா வாக்காளர் நேரடியாக இதைக் கேட்டபோது, ராமசாமி தன் நம்பிக்கையை மறைக்காமல், கிறிஸ்தவர் மாதிரி வேஷமும் போடாமல் பதில் சொன்னார். ஓட்டுக்காகச் சபைக்கு வந்து பைபிளைத் தூக்கிப் பிடிப்பவர்களை விட எனக்கு அது மதிப்பாகப் பட்டது.

அப்படியானால் ஏன் அவர் பெயரை எழுதவில்லை? தமிழ் பேசுகிறார் என்பதற்காகப் போடுவதும், இந்து என்பதற்காகப் போடாமலிருப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். கொள்கையைப் பார்க்கிறேன். அரசுப் பதவி எதிலும் இருந்ததில்லை. டிரம்ப்தான் இந்த நூற்றாண்டின் சிறந்த அதிபர், பதவி ஏற்றதும் அவருக்கு மன்னிப்பு வழங்குவேன் என்கிறார். அப்படி நினைப்பவர் டிரம்புக்கே போட்டுவிடலாமே. ஜனவரி 6 அரசு உள்ளேயிருந்து நடத்திய வேலை என்று போன மாத விவாத மேடையில் சொன்னது என்னைத் திடுக்கிட வைத்தது. 2028க்குப் பிறகு இஸ்ரேலுக்கு உதவியைப் படிப்படியாக நிறுத்தலாம் என்ற யோசனையும் எங்கள் சபையில் பலருக்கு ஏற்கவில்லை.

எச்-1பியில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: குலுக்கல் முறையை ஒழித்துத் தகுதி அடிப்படையில் தருவேன் என்கிறார். குலுக்கலில் மூன்று வருஷம் பெயர் வராமல் ஊர் திரும்பிய பையன்களை எனக்குத் தெரியும். அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. அவருடைய நிறுவனமே அதே விசாவைப் பயன்படுத்தியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசுத் துறைகளை வேரோடு குறைக்க வேண்டும், அதுதான் முதல் வேலை என்று நினைக்கிற இளைஞர்களுக்கு இவர் பொருந்துவார்.

## மற்றவர்கள்

ஆர்கன்சா முன்னாள் ஆளுநர் ஆசா ஹட்சின்சன் நல்ல கிறிஸ்தவர், கண்ணியமானவர். இந்தப் போட்டியில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. டெக்சஸைச் சேர்ந்த ரயன் பிங்க்லி ஒரு போதகர், அவரும் 99 கவுன்டிகளுக்கும் போயிருக்கிறார். கிறிஸ்தவ அதிபர் வேண்டும் என்று முழங்குகிற சபைகள், உண்மையான பாஸ்டர் ஒருவர் வாசலில் வந்து நின்றபோது அவர் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. நான் உட்பட.

## என் சீட்டில்

டிசாண்டிஸ் பெயரை எழுதப் போகிறேன். முதல் மூன்று அளவுகோல்களில் அவர் சொன்னதைச் சட்டமாக்கியிருக்கிறார், அதற்காக இழக்கவும் தயாராக இருந்தார். நான்காவதில் அவர் தவறினார். அதைப் பற்றி அவர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், ஜெயித்தாலும் எழுதுவேன். அவர் ஜெயிப்பது கடினம் என்று தெரியும். டிசம்பரில் டெமாயின் ரெஜிஸ்டர் பத்திரிகையின் கருத்துக்கணிப்பில் டிரம்ப் 51, டிசாண்டிஸ் 19, ஹேலி 16. ஆனால் கட்சி வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக்கு அயோவா அனுப்பும் 40 பிரதிநிதிகளும் விகிதாசாரப்படி பிரிவார்கள், ஆகவே இரண்டாம் இடத்துக்குப் போகும் ஓட்டும் வீணாகாது. 2008இல் ஹக்கபி, 2012இல் சான்டோரம், 2016இல் குரூஸ் என்று இங்கே ஜெயித்த யாரும் கட்சியின் வேட்பாளராக ஆகவில்லை. எனவே "ஜெயிக்கிற குதிரை" என்று சொல்லி யாராவது உங்களை அவசரப்படுத்தினால் அசைய வேண்டாம்.

டெக்சஸ்காரர்களுக்கு: மார்ச் 5 ஓட்டு, பிப்ரவரி 5க்குள் வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும், கட்சியில் பதிய வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் குடியரசுக் கட்சியில் பதிந்திருந்தால்தான் சீட்டு கிடைக்கும். அங்கே ஒருவர் பாதிக்கு மேல் வாங்கினால் 169 பிரதிநிதிகளும் அவருக்கே, அதனால் டிரம்பை விரும்பாதவர்கள் வீட்டில் இருந்துவிட்டால் அது அவருக்குப் போட்ட ஓட்டு மாதிரிதான்.

டெமாயின்காரர்களுக்கு: 7 மணிக்குக் கதவு அடைத்துவிடுவார்கள், ஆறரைக்கே போய்விடுங்கள். கட்சிப் பதிவு இல்லாவிட்டாலும் அங்கேயே பதியலாம், அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பனிப்புயலுக்குப் பின்னால் கடுங்குளிர் வருகிறது, பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும். வயதானவர்கள் தனியாக வண்டி ஓட்ட வேண்டாம். நான் ஆறு மணிக்குக் கிளம்புகிறேன், வண்டியில் நான்கு இடம் காலி. டிரம்புக்குப் போடுகிறவர்களும் வரலாம். போகிற வழியில் தேர்தல் பேச மாட்டேன், திரும்பும்போது எங்கள் வீட்டில் சூடாகச் சுக்குக் காப்பி இருக்கும்.